நடுத்தரமான ஒரு கஷ்டம்

பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நகையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். புடவையைப் பார்த்து, மாடி வீட்டைப் பார்த்து, அடுத்தவர் பிள்ளையின் மார்க்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு வந்தது வேறு தினுசு. அவளுக்கு வந்த கஷ்டத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன்.

அடிப்பாவி என்று வாய்வரைக்கும் வருகிறதா? முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சிவகாசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்கிற ஓர் ஆலையில் வேலை. தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையை ஒட்டி லைன் வீடு. ஒரே நீளக் கூரை, வீட்டுக்கு வீடு ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் ஊர் வெயிலில் காய்ந்து வளர்ந்த எனக்கு இந்த ஊர்க் குளிரும் பிடிக்கவில்லை, மூன்று பாஷையில் சண்டை போடுகிற குழாயடியும் பிடிக்கவில்லை. மகள் பிறந்து அவள் நடக்க ஆரம்பித்த பிறகுதான் ஊர் கொஞ்சம் பழகியது.

அந்தச் சுவருக்கு அப்பால் அவள் குடிவந்தாள். சூளகிரிக்கு உள்ளே ஏதோ ஒரு கிராமம். அப்பன், பாட்டன் காலத்திலிருந்தே காட்டு வேலை, கூலி வேலை. புருஷன் கொத்து வேலைக்காரன். புதிது புதிதாய் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் என்பதால் அவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. என்னைவிட அவள் சின்னவள், கையில் ஒரு குழந்தை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்துக்குள் போட்டுப் பேசுவாள். என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். நானும் குழம்பு கொடுத்திருக்கிறேன், அவள் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டிருக்கிறேன். அதுவரை எனக்கு அவள்மேல் ஒன்றும் கிடையாது.

ஒருநாள் கட்டட வேலையில் சாரம் சரிந்து அவள் புருஷன் போய்விட்டான். நானும் அழுதேன். பொய்யாக இல்லை, நிஜமாகவே மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். காரியம் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் லைனில் எல்லோரும் நினைத்தோம். அவள் போகவில்லை.

"ஊருக்குப் போயி இன்னா பண்றது அக்கா? அண்ணன் பொண்டாட்டி கையப் பாத்துகினு நிக்கணும். அதுக்கு இங்கயே கெடக்கிறேன்" என்றாள்.

கொஞ்ச நாளிலேயே ஒரு விடியற்காலையில் அவளைக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் பார்த்ததாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். இடுப்பில் குழந்தை, பக்கத்தில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய எலுமிச்சை பிழிந்த சித்ரான்னம், அடுக்கி வைத்த வாழையிலைத் துண்டுகள். முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு பஸ்ஸுக்கு நிற்பார்கள். தெலுங்குக்காரனைத் தெலுங்கில் கூப்பிட்டாள், கன்னடத்துக்காரனைக் கன்னடத்தில் கூப்பிட்டாள், எங்கள் பக்கத்துப் பையன்களைத் "தம்பி, சாப்ட்டுப் போ" என்று கூப்பிட்டாள். பாத்திரம் காலி.

"பாத்தியா, என்ன துணிச்சல்! பொம்பளன்னா இப்படில்ல இருக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப நான் எப்படி இருக்கேனாம்?"

"உனக்கென்ன, நீ நல்லாத்தான இருக்க."

அங்கேதான் ஆரம்பித்தது. நல்லாத்தான இருக்கிறேனாம்! அதுவரை நன்றாக இருப்பது ஒரு குறை என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எதற்கெடுத்தாலும் அவள்தான். குழாயடியில் அவள் பேச்சு. மளிகைக் கடையில் அவள் பேச்சு. வீட்டு ஓனர் வாடகை வாங்க வந்தால் என் வாசலில் நின்றுகொண்டு அவளைப் பற்றிப் பேசுவார். அவள் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு மத்தியானச் சாப்பாடும் ஆரம்பித்தாள். ஊரைவிட்டு வந்த கல்யாணமாகாத பையன்கள் அங்கே வரிசையில் நின்றார்கள். என் ஊர்ப் பையன்கள்! எங்கள் பக்கத்துக் குழம்பு எப்படி இருக்கும் என்று தெரிந்த பையன்கள் அவளுடைய ராகிக் களியையும் சாறு என்று அவள் சொல்கிற கீரைக் குழம்பையும் உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா சாப்பாடு அக்கா சாப்பாடுதான்" என்று சொல்லிக்கொண்டு என் வாசல் வழியாகவே போவார்கள். அவள் சாற்றில் புளியும் ஒட்டாது, காரமும் ஒட்டாது. நாக்கு செத்தவர்கள்தான் அதைச் சாப்பிட முடியும். ஆனால் யாரிடம் சொல்வது? கைம்பெண், கைக்குழந்தை, தனியாக நின்று ஜெயிக்கிறாள். அவள் குழம்பில் உப்பு இல்லை என்று சொன்னால்கூட என்னை ராட்சசி என்பார்கள்.

கஷ்டம் அவளை உரம் போட்டு வளர்த்தது என்று ஊரே சொன்னது. அப்படியென்றால் எனக்கு உரம் போடவில்லை, அவ்வளவுதானே? எனக்கும் அவளுக்கு நடந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தால் நானும்தான் நிமிர்ந்து நின்று காட்டியிருப்பேன். சந்தர்ப்பம் கொடுக்காமலே இவள் ஒன்றுக்கும் ஆகமாட்டாள் என்று முடிவு கட்டினால் எப்படி?

ஊர் சொன்னதைக்கூட விழுங்கியிருப்பேன். என் மகள் சொன்னதுதான் தொண்டையில் நின்றது. அவள் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் டீச்சர், உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே பெரிய ஆள் யார் என்று கேட்டாராம். ஒரு பிள்ளை நடிகர் பெயரைச் சொன்னதாம், ஒரு பிள்ளை மந்திரி பெயரைச் சொன்னதாம்.

"நான் எங்க சின்னம்மாவச் சொன்னேன்" என்றாள்.

எங்கள் வழக்கத்தில் சித்தி என்றுதான் சொல்வோம். அதைக்கூட விட்டுவிட்டு பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்தபடி சின்னம்மா! அதுவும் எவளோ ஒருத்தியை!

"அப்ப அம்மா?" என்று கேட்டேன்.

"அம்மா அம்மாதானே" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் மகள் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்ல வேண்டும். அது நடக்காமல் நான் சாகக் கூடாது என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கு உங்கள் பிள்ளை சொல்லியிருக்கும், அதனால் சிரிப்பு வருகிறது.

அந்த வாரமே மலைக்கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் கேட்டேன். புருஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, வீடு இடியக் கூடாது. மற்றபடி நடுத்தரமாக ஏதாவது ஒரு கஷ்டம் கொடு, நான் அதைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். இந்த மாதிரி ஒரு வேண்டுதலை அந்தச் சாமி அதற்கு முன் கேட்டிருக்காது. படி இறங்கும்போதே பயம் வந்து, திரும்பவும் மேலே ஏறி, முன்பு சொன்னதை எடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் சொன்னதுதான் சாமி காதில் விழுந்தது போலிருக்கிறது. கார்த்திகை முடியும் சமயத்தில் என் வீட்டுக்காரருடைய ஆலையில் கதவடைப்பு. சம்பள உயர்வுப் பேச்சு முற்றி, ஒருநாள் காலையில் போனவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். சம்பளம் நின்றது. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்குக் கொடுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

எனக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டுமே! வந்துவிட்டது என் முறை என்று சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினேன். "நீங்க ஏன் கவலைப்படுறீக? நான் இருக்கேன்ல" என்று அவரிடம் சொன்னேன். இதைச் சொல்லும்போது மகள் பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் சித்ரான்னம் விற்றால் நான் இட்லி விற்பேன். கதவடைப்பு எங்கள் ஆலையில் மட்டும்தான், மற்ற கம்பெனி பஸ்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதற்கு என்ன திறமை வேண்டும்? எங்கள் ஊரில் என் கை இட்லியைப் பிட்டால் பஞ்சு, பக்குவம் கேட்டு வருவார்கள். கடன் வாங்கிய அண்டாவில் ஒரு பட்டாளத்துக்குக் காணும் அளவு மாவு ஆட்டிக் கரைத்து வைத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம். மார்கழி மாதத்து ஓசூர். வீட்டுக்குக் கொஞ்சமாய்க் கரைக்கிற மாவை நான் எப்போதும் அடுப்பு மேடையில் வைத்து அவருடைய பழைய ஸ்வெட்டரைச் சுற்றிவிடுவேன், அது எழும்பிவிடும். அண்டாவுக்கு ஸ்வெட்டர் போட முடியுமா? காலையில் திறந்தால் முதல்நாள் கரைத்து வைத்தபடியே குளிர்ந்துபோய்க் கிடக்கிறது மாவு. ஒரு கொப்புளம் இல்லை. எங்கள் ஊரில் அரிசியும் உளுந்தும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டேன்.

விட முடியுமா? ஊற்றினேன். வெந்து வந்தது. தட்டிலிருந்து எடுத்து வைத்தால் டொக் என்று சத்தம் கேட்டது. காரச் சட்னி காப்பாற்றும் என்று நம்பி எடுத்துக்கொண்டு போனேன். அவள் பாத்திரத்துக்கு நாலடி தள்ளி என் பாத்திரத்தை இறக்கினேன். எங்கள் ஊர்ப் பையன்கள் ஆசையாக ஓடி வந்தார்கள். "அக்கா, இட்லியா! வீட்டு இட்லியா!" என்று வாங்கினார்கள். முதல் வாய் வைத்தவன் மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். பிறகு மரியாதையாக, "பஸ்ல வச்சுச் சாப்பிட்டுக்கிறேன்க்கா" என்றான். அடுத்தவனும் பஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்றான். அதற்கடுத்தவனும். பஸ் கிளம்பி முக்கில் திரும்பும்போது ஜன்னலிலிருந்து ஒரு பொட்டலம் சாலையில் விழுந்ததை நான் பார்த்தேன். அதை அவளும் பார்த்தாள்.

சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "பனிக்காலத்துல நானு இட்லியே போடறது இல்லக்கா, மாவு எழும்பாது. நீயும் சித்ரான்னம் போடு, நான் சொல்லித் தர்றேன். நாம ரெண்டு பேரும் சேந்தே விக்கலாம்" என்றாள்.

சொல்லித் தருகிறாளாம்! எனக்கு! சேர்ந்து விற்கலாமாம்! எனக்கு உச்சியில் ஏறியது. "தேவையில்ல. சும்மா பொழுதுபோக்கா செஞ்சு பாத்தேன். எங்களுக்கு என்ன குறை?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுக்கு என்ன குறை என்று சொல்லியாயிற்று. இனிக் குறை இருக்கக் கூடாது. அதாவது, இருப்பது அவளுக்குத் தெரியக் கூடாது.

அந்த நாளிலிருந்து கதவடைப்பு முடிகிறவரை நான் ஆடிய நாடகம் இருக்கிறதே, அதற்குத்தான் எனக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும். தினமும் குளித்துத் தலைவாரி, தொட்டியில் பூக்கிற டிசம்பர் பூவையோ கனகாம்பரத்தையோ தொடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மகளின் சீருடையைச் செம்பில் நெருப்புக் கரித்துண்டு போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்து அனுப்பினேன். சமைக்க ஒன்றும் இல்லாத நாட்களில்கூட வாணலியைக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்தேன். சடசடவென்று சத்தம் சுவரைத் தாண்டிப் போகும், வாசனையும் போகும். தாளித்ததைக் கஞ்சியில் கொட்டி மகளுக்குக் கொடுத்துவிட்டு, நான் அடியில் மிச்சமிருந்ததில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பேன்.

வருமானத்துக்கு என்ன செய்தேன் என்று கேளுங்கள். சில சின்ன ஆலைகளில் ரப்பர் வாஷர் வார்ப்பார்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டிக் கொடுப்பதை வீட்டு வேலையாகப் பெண்களிடம் தருவார்கள். எங்கள் லைனில் ஒருத்திக்கும் தெரியாமல், ஊரின் அந்தக் கோடிக்கு நடந்து போய், மேலே முருங்கைக் கீரையைப் பரப்பிய பையில் அந்த வாஷர்களை வாங்கி வருவேன். மகள் பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, கத்தரிச் சத்தம் அந்தப் பக்கம் கேட்காமல் இருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வெட்டுவேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொப்பளித்துக் காய்த்துப் போயின. ரப்பர் கறுப்பு நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது. புளியைப் போட்டுத் தேய்ப்பேன். "ஏம்மா கை கறுப்பா இருக்கு?" என்று மகள் கேட்டால் கரிச்சட்டி கழுவினேன் என்பேன்.

என் வீட்டுக்காரரும் எழுந்தார். பந்தலில் உட்கார்ந்து பயனில்லை என்று தெரிந்ததும், மாம்பழக் காலம் தொடங்கியபோது, கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு மாங்கூழ் ஆலையில் கூடை இறக்கினார். நேற்றுவரை மிஷினில் நின்ற மனிதர், தலையில் சும்மாடு வைத்துக் கூடை தூக்கினார். "பிள்ளைக்குத் தெரியக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். யூனியன் வேலையாக அலைகிறார் என்று லைனில் சொல்லி வைத்தேன். சாயங்காலம் அடிபட்ட மாம்பழங்களை மஞ்சள் பையில் கொண்டுவருவார். கெட்ட பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு நல்லதை மகளுக்குத் தட்டு நிறைய அறுத்துக் கொடுப்பேன். அவள் முழங்கையில் சாறு வழியத் தின்பாள்.

பக்கத்து வீட்டுக்காரி சில நாள் மத்தியானம் மிஞ்சியதை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டுவாள். "வேணாம்மா, இப்பத்தான் சாப்பிட்டோம்" என்று ஏப்பம் விட்டுக் காட்டுவேன். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் ஏப்பம் விடுவது எவ்வளவு கஷ்டம் என்று விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் திரும்பிப் போவதைப் பார்த்து, கிண்ணத்தில் என்ன இருந்தது என்று நினைத்துக்கொண்டே படுத்திருப்பேன்.

ஆடி மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆலை திறந்தது. சம்பளம் வந்த அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாண்டிவிட்டேன் அல்லவா? கேட்ட கஷ்டத்தை வாங்கி, யார் கையையும் பார்க்காமல் தாண்டிவிட்டேன். அவள் என் மடியில் படுத்துக்கொண்டு, சின்னம்மா தெலுங்கில் எண்ணச் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தாள்.

காலம் ஓடியது. நாங்கள் தனி வீட்டுக்கு மாறினோம். பக்கத்து வீட்டுக்காரி பாகலூர் சாலையில் பலகை மாட்டி, கல்லாவில் உட்காருகிற அளவுக்குச் சாப்பாட்டுக் கடை வைத்தாள். கடையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தார்கள், எல்லோரும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் அல்லது புருஷனால் விரட்டப்பட்டவர்கள். அதையும் ஊர் சொல்லிச் சொல்லி மாய்ந்தது. என் மகள் இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் வேலைக்குப் போனாள். லீவில் வந்தால் பையை வீட்டில் போட்டுவிட்டு முதலில் அந்தக் கடைக்குத்தான் போவாள்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் இருக்கிற ஒரு சங்கத்தில் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சாதனைப் பெண்மணி என்று விருது கொடுத்தார்கள். அவளை வாழ்த்திப் பேச என் மகளைக் கூப்பிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு மதிய ஷிப்ட். நான் மட்டும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். மைக் முன்னால் மகள் நிற்கிறாள், எப்படியும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வந்தது. "எங்க அம்மாவுக்குக் கஷ்டம்னா என்னன்னே தெரியாது" என்று ஆரம்பித்தாள் என் மகள். "அவ்வளவு நல்ல வீட்டுல நான் வளர்ந்தேன். அப்பா கம்பெனி ஒரு வருஷம் மூடிக் கெடந்துச்சு. அந்த வருஷம் எனக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் மாம்பழம்தான். தினம் தட்டு நெறய மாம்பழம்! சுவருக்கு அந்தப் பக்கம்தான் வாழ்க்கைன்னா என்னன்னு நான் கத்துக்கிட்டேன். கஷ்டம் ஒரு மனுஷியை எவ்ளோ பெரிய ஆளா ஆக்கும்னு எனக்குக் காட்டினது எங்க சின்னம்மா."

கூட்டம் கை தட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் தொடையைத் தட்டி, "கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். எனக்குக் காதிலிருந்து ஆவி வந்தது. கஷ்டம்னா என்னன்னே தெரியாதாம்!

விழா முடிந்து கடைக்குப் போனோம். ஞாயிறு என்பதால் கடை மூடியிருந்தது. உள்ளே மேஜையைச் சுற்றி நாங்கள் மூன்று பேர் மட்டும். விருதுச் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு அவளே எழுந்து போய்க் காபி கலந்து எடுத்து வந்தாள். அந்தக் காபியை ஒரு வாய் குடித்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"எனக்குக் கஷ்டம்னா என்னன்னு தெரியாதாடி?" என்றேன்.

மகள் திரும்பிப் பார்த்தாள். கொட்டிவிட்டேன். சத்தியமாவது ஒன்றாவது! கஞ்சியைச் சொன்னேன், ரப்பர் பிசிறைச் சொன்னேன், அவள் அப்பா தலையில் கூடை சுமந்ததைச் சொன்னேன், தட்டு நிறைய வந்த மாம்பழம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது, மேஜையை வேறு தட்டினேன். தெருவில் போகிறவர்களுக்குச் சண்டை என்றுதான் தோன்றியிருக்கும்.

என் மகள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா நீ? சின்னம்மாவுக்கு விருது கெடச்ச அன்னைக்குத்தானா இதெல்லாம்?" என்றாள். "நான் அந்த வீட்டுலதானே இருந்தேன்? எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியாமத்தான்டி வச்சிருந்தேன்!"

"அம்மா, ப்ளீஸ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரியின் பக்கம் திரும்பினாள். "சின்னம்மா, நீங்களே சொல்லுங்க. சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தீங்க? எங்க வீட்ல அப்படி இருந்துச்சா?"

என் கதையெல்லாம் போயும் போயும் அவள் வாயில் வந்து நின்றது. எனக்குச் சாட்சி சொல்ல உலகத்தில் அவள்தான் மிச்சம். கிண்ணத்தை நீட்டியவள் அல்லவா, கண்டிப்பாக ஊகித்திருப்பாள், சொல்லிவிடுவாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் ஒன்றைக் கேட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"உன் ஊட்லயா? கஷ்டமா?" என்றாள். "ஏங்க்கா, என்னாத்துக்கு இப்பிடிப் பொய் சொல்ற? இப்ப சொல்லிடறேன், கோவிச்சுக்காத. அந்த வருசம் உன்னப் பாத்து நான் பட்ட வயித்தெரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல. சம்பளமே இல்ல, ஆனா இந்தம்மா தலைல பூ வெச்சிகினு வாசல்ல நிக்குது, ஊடு மணமணன்னு இருக்குது, ரேடியோ பாடுது. புருசன் இருக்கறவளுக்கு அவன் வேல போனாக்கூட ஒண்ணும் ஆவறது இல்ல, நமக்கு மட்டும் ஏன் சாமி இப்பிடின்னு அழுவேன். நானு ஆசையாவா கிண்ணத்துல கொண்டாந்தேன்? உன் ஊட்ல என்னா இருக்குதுன்னு எட்டிப் பாக்கத்தான் வந்தேன். நீ ஏப்பம் உட்டதும் எரிஞ்சிகினே திரும்பிப் போவேன்."

சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும், இத்தனை பெரிய ஆளான பிறகும், அதைச் சொல்லும்போது அவளுக்கு எரிந்தது. நடிப்பு இல்லை. அந்த எரிச்சலை என்னைவிட நன்றாக அடையாளம் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

அவளா? என்னைப் பார்த்தா?

மகள் என்னைப் பார்த்தாள். என் கட்டைவிரலில் காய்த்த தழும்பு அன்றைக்கும் இருந்தது. அதை நீட்டிக் காட்டினால் போதும். ராத்திரி உன் அப்பா வந்ததும் கேட்டுக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மகள் அங்கேயே எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள், எத்தனையோ வருடமாக நான் கேட்க நினைத்ததைச் சொல்லியிருப்பாள். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த நிமிடமே எரிச்சல் அணைந்துவிடும். பாவம் அக்கா என்று என்மேல் இரக்கம் வந்துவிடும்.

டம்ளரில் இருந்த காபியை முழுக்கக் குடித்து முடித்தேன்.

"சும்மா சொன்னேன்டி" என்றேன். "நமக்கு என்ன கஷ்டம்?"

"அதானே பாத்தேன்" என்று என் மகள் சிரித்தாள்.